பங்கு பிரிப்பவள்

ஹெட் நர்ஸ்: கதவைச் சாத்திட்டு நீயே எண்ணு. நான் தொட மாட்டேன்.

சிநேகிதி: ஏன் அக்கா, ஓட்டுச் சீட்டு போட்ட பஞ்சு டப்பா கடிச்சிடுமா?

ஹெட் நர்ஸ்: என் வழக்குக்கு நானே நீதிபதியா? எண்ணுடி.

சிநேகிதி: எனக்கு வயிறு எரியுது. ஒன்பது வருஷமா இந்த வார்டுக்கு டூட்டி லிஸ்ட் போடுறே. யாருக்காவது குறை வச்சிருக்கியா? திடீர்னு ஒரு மொட்டைக் கடுதாசி... இனிமே லிஸ்ட் போடுறவங்களை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போட்டு எடுக்கணுமாம். எல்லாரும் ஷிப்ட் எடுத்தது போக மிச்சம்தான் அவங்களுக்காம். இந்தச் சட்டம் வேணுமா வேண்டாமான்னு நீ ஓட்டு வேற வைக்கிறே.

ஹெட் நர்ஸ்: பங்கு பிரிக்கிறவ கடைசியா எடுத்தாத்தான் கத்தி நேரா போகும்.

சிநேகிதி: உன் கத்தி எப்பவும் நேராத்தானே போச்சு?

ஹெட் நர்ஸ்: அதை நீ சொல்றே. மத்தவங்க?

சிநேகிதி: யாரும் ஒரு வார்த்தை பேசலையே...

ஹெட் நர்ஸ்: பேசலைன்னா சம்மதம்னு அர்த்தமா?

சிநேகிதி: நல்லவங்க கையில இருக்கும்போது சட்டம் எதுக்கு அக்கா?

ஹெட் நர்ஸ்: நாளைக்கு என் நாற்காலியில யார் உட்காருவாங்கன்னு உனக்குத் தெரியுமா? அட, நானே நாளைக்கு எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியுமா?

சிநேகிதி: நீ வேற... கடுதாசி எழுத்தைப் பாரேன், கோழி கிளறின மாதிரி. வேணும்னே இடது கையில எழுதியிருக்கா. தைரியம் இருந்தா பேர் போட்டிருக்கணும்.

ஹெட் நர்ஸ்: பேர் போட்டா பேரைத்தான் படிப்பீங்க. விஷயத்தைப் படிக்க மாட்டீங்க.

சிநேகிதி: சரி... வேணும்... வேண்டாம்... வேண்டாம்... வேணும்...

ஹெட் நர்ஸ்: மெதுவா. ரெண்டு சீட்டு ஒட்டிக்கிட்டு வருது பாரு.

சிநேகிதி: அஞ்சுக்கு அஞ்சு. இன்னும் ஒரு சீட்டு இருக்கு.

ஹெட் நர்ஸ்: பிரி.

சிநேகிதி: இதை எதுக்குப் பிரிக்கணும்?

ஹெட் நர்ஸ்: பிரிச்சாத்தானே தெரியும்?

சிநேகிதி: பிரிக்காமலே தெரியும். நாலா மடிச்சது... என்னுது. 'வேணும்'னு போட்டிருக்கேன்.

ஹெட் நர்ஸ்: அப்போ இவ்வளவு நேரம் எரிஞ்சது யார் வயிறு?

சிநேகிதி: கிண்டல் பண்ணாதே. பையனுக்குப் பரீட்சைன்னு போன மாசம் நாலு ஞாயிறும் எனக்கு லீவு போட்டே. அன்னையிலேர்ந்து சாப்பிடுற இடத்துல என் பக்கத்துல யாரும் உட்காரலை அக்கா. உன்கிட்ட எப்படிச் சொல்வேன்... உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்.

ஹெட் நர்ஸ்: என்கிட்ட எல்லாரும் சிரிச்சுத்தான்டி பேசினாங்க. முன்னைவிட நல்லாவே சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான்... இடது கையில எழுதினேன்.