பசு மிதிக்காத தரை

வேலம்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் டைல்ஸ் ஒட்டுபவர் ஒருவரும் எலக்ட்ரீசியன் ஒருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள். என் மகன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“கிரகப்பிரவேசத்துக்குக் கூட்டிட்டு வந்த பசு, ஹால்ல கால் வெச்சதும் துள்ளிப் பின்னால போயிருச்சாமுங்க,” என்றார் டைல்ஸ்காரர்.

“எந்த ஊடுங்க?”

“பனியன் கம்பெனி முதலாளி கோத்தகிரியில கட்டுனாரே, குளிருக்குன்னு தரைக்கடியில சூடாகற ஒயர் பதிச்சமே, அதுதானுங்க. சகுனம் சரியில்லைன்னு பரிகாரம் கேட்டுட்டு இருக்காங்களாம்.”

“சகுனமில்லீங்க, கரண்டு கசியுது. நமக்குத் தெரியாத கசிவு கூட மாட்டுக்குச் சுருக்குன்னு தெரியுமுங்க. ஒயர்ல எங்காச்சும் வெட்டு விழுந்துதுங்களா?”

டைல்ஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். “கலவை பூசறப்ப கரணை லேசாப் பட்டுதுங்க. டேப்பைச் சுத்தி மூடிட்டேன். சொன்னா எல்லாத்தையும் பேத்தெடுக்கச் சொல்லுவீங்கன்னு...”

“மூடுனப்புறம் நானும் மீட்டர் வெச்சுப் பாக்கலையே. இப்ப அங்க யாருங்க இருக்கறாங்க?”

“முதலாளி மகளும் பேத்தியுமுங்க. பாப்பா இப்பத்தான் தவழுது.”

எலக்ட்ரீசியன் உடனே போன் போட்டார். நாலைந்து முறை மணியடித்த பிறகுதான் எடுத்தார்கள். “அம்மிணி, முதல்ல பாப்பாவத் தூக்குங்க. அப்படியே மெயின் சுவிட்சை அணைச்சிருங்க. காரணம் அப்புறம் சொல்றனுங்க.”

இது பஸ் என்று தெரிந்தும், நான் என் மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.