ஓமனா வீட்டுக் கொட்டகை

ஓமனா: ...மழை ஒழுகற இடத்தையும் சேர்த்தா அளக்கறீங்க?

ஷிஜினா: சுவத்துக்குச் சுவர்தான் கணக்கு சேச்சி. டேப்பை அந்த மூலையில பிடிங்க.

ஓமனா: அந்த மூலையில வாளி இருக்கும்மா. அதுக்குப் பின்னாடி அண்டா. அதுக்கும் பின்னாடி ஓடே இல்ல. வானம் எத்தனை சதுர அடின்னு தனியா எழுதிக்கோ.

ஷிஜினா: சார்... மொத்தம் ஆயிரத்து எண்ணூறு வருது. ஆயிரத்தைத் தாண்டினா ஏழைங்களுக்குத் தர்ற ரோஸ் ரேஷன் அட்டை கிடையாதே. வெள்ளைக்கு மாத்தணும்.

ஓமனா: அடேங்கப்பா! எங்க மாமனாரோட தாத்தா கட்டினாரு, நான் பணக்காரியாயிட்டேன்.

சசீந்திரன்: ஷிஜினா, நீ ரேஷன் ஆபீஸ் வேலைக்குப் புதுசு. இடிஞ்சு கிடக்கற ரூமையெல்லாம் யாராவது கணக்குல சேர்ப்பாங்களா? அடுக்களையும் அந்த ஒரு ரூமும் போடு, போதும். பாவம், இவங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ்.

ஓமனா: அந்த ரோஸ் அட்டையைக் காட்டினாத்தான் ஆஸ்பத்திரியில காசு கேக்க மாட்டாங்கம்மா. அது போச்சுன்னா அவரும் போயிடுவாரு.

ஷிஜினா: ...சரி சார். அப்படியே எழுதறேன். வேற வருமானம் சேச்சி?

ஓமனா: நாலு ஆடு. நாலும் எனக்கு முன்னாடியே சாப்பிட்டுடும். இதை அளக்க வர்றீங்களே, ரேஷன் கடையில ஒரு நாள் நின்னு பாருங்க. ரோஸ் அட்டை வரிசையில ஒரு வளையல்காரம்மா வருது. முழங்கை வரைக்கும் தங்கம். புருஷனை விட்டுட்டுத் தனியா இருக்கேன்னு எழுதிக் கொடுத்து வாங்கின அட்டை. ஞாயித்துக்கிழமையானா அதே புருஷன் கூட கார்ல குருவாயூர்!

ஷிஜினா: யாரு சேச்சி அது?

சசீந்திரன்: ஊர்வம்பு நமக்கெதுக்கு? கையெழுத்து வாங்கு, கிளம்பலாம்.

ஷிஜினா: பின்னாடி கொட்டகை ஒண்ணு பாக்கி இருக்கு சார்.

சசீந்திரன்: வெறும் விறகும்மா அது.

ஷிஜினா: உங்களுக்கு எப்படி...

சசீந்திரன்: எல்லா வீட்டுலயும் விறகுதானே... ஏய், தலையைக் குனிஞ்சு போ, உத்தரம் இடிக்கும்!

ஷிஜினா: ...சார். தார்ப்பாய்க்கு அடியில புதுக் கார் நிக்குது.

ஓமனா: ஆட்டுக்குட்டிங்க ஓட்டிப் பழகட்டும்னு வாங்கினேன்.

ஷிஜினா: விளையாடாதீங்க சேச்சி. யாரு வண்டி?

ஓமனா: ...தெரிஞ்சவங்க நிறுத்தச் சொன்னாங்க.

ஷிஜினா: தெரிஞ்சவங்கன்னா?

ஓமனா: சார்கிட்ட கேளேன். அவருக்குத்தான் எல்லா வீட்டு விறகும் தெரியுதே.

சசீந்திரன்: என்னை எதுக்கு இழுக்கறே? ஷிஜினா, இவங்க கொட்டகையில நிக்குது, இவங்க வண்டி. எழுது.

ஓமனா: சார்!

சசீந்திரன்: கார் வெச்சிருக்கறவங்களுக்கு ரோஸ் அட்டை கிடையாது. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.

ஓமனா: இப்பத்தானே பாவம்னீங்க... டயாலிசிஸ்னு நீங்கதானே சொன்னீங்க...

சசீந்திரன்: கார் இருக்கறவங்க காசு கட்டிப் பாக்கட்டும். ம்... எழுது!

ஷிஜினா: இருங்க சார். ஆர்.சி.யில யாரு பேருன்னு பாத்துட்டு எழுதறேன். சேச்சி, வண்டியைத் திறங்க.

ஓமனா: சாவி என்கிட்ட இல்லம்மா.

ஷிஜினா: பின்ன யாருகிட்ட இருக்கு?

ஓமனா: உன் பக்கத்துல நிக்கறாரே, அவரு சட்டைப் பையில. சார், என் அட்டையை நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க, உங்க வண்டியை நான் பாத்துக்கிட்டேன். இனி நான் எதுக்குப் பாக்கணும்? திறந்து காட்டுங்க. அந்த வளையல்காரம்மா யாருன்னு இவ அப்பவே கேட்டா... நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?