மூன்றாம் பரிசு வாங்கிய நாய்

என்னை எல்லோரும் வாலு என்றே கூப்பிடுவார்கள். வயது பதினாறு. நாய்களுக்கு முடி வெட்டும் அக்காவின் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முறைப்பதைத் தவிர வேறு மிரட்டல் எதுவும் இல்லாமல் சொல்கிறேன்.

முதலில் முக்கிய அறிவிப்பு: இன்று காலை பதினொன்றரை மணிக்கு, ஒரு தெருநாய், உயர்இன நாய்களுக்கான கென்னல் கிளப் கண்காட்சியில் மூன்றாம் பரிசு பெற்றது. இந்த வரி வேண்டாம் என்றார் எழுதுகிற ஏட்டு. வேண்டும் என்றேன்.

அக்காவின் மஞ்சள் லேப்ரடார் நாய்க்கு மூன்று தலைமுறைப் பெயர் போட்ட சான்றிதழ் உண்டு. எனக்குத் தாத்தாவைத் தாண்டித் தெரியாது. கண்காட்சியில் நடுவர் பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவுவார், ஓடவிட்டு நடையைப் பார்ப்பார், எல்லாவற்றையும் அந்த இனத்துக்கு எழுதிவைத்த இலக்கணத்தோடு ஒப்பிடுவார். போன முறை நான் சோறு போட்டு வளர்க்கும் மஞ்சள் தெருநாயோடு வேடிக்கை பார்க்கப் போனபோது, கிளப் செயலாளர் கேட்டிலேயே, "இந்த ஜென்மத்தையெல்லாம் யாருய்யா உள்ள விட்டது?" என்றார். நாயையா என்னையா என்று நான் விசாரிக்கவில்லை. இந்த நாயையே போட்டியில் நிறுத்துவது என்று அன்றே முடிவு செய்தேன்.

அதன் பிறகு அக்காவுக்குக் கால் எலும்பு முறிந்ததால், கண்காட்சியில் லேப்ரடாரை ஓட்டிக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. இன்று காலை இரண்டு நாய்களையும் குளிப்பாட்டி, ஒரே சீப்பால் வாரி, ஒன்றைக் கடைக் குளியலறையில் அடைத்துவிட்டு மற்றதோடு போனேன். அதன் பிறகு பரிசு அறிவித்ததும் மைக்கைப் பிடுங்கி, "ஐயா, நீங்க பல்லு பார்த்தது குப்பைத்தொட்டி நாய்க்கு!" என்றேன். அதன் பிறகு செயலாளர் அக்கா மீது ஆள்மாறாட்டப் புகார் கொடுத்து, கிளப்பிலிருந்து ஆயுளுக்கும் நீக்கப்போவதாகச் சொன்னார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கிளப்காரர்கள்தான். நீக்கினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அக்காவுக்கு எதுவும் தெரியாது. செய்தவன் நான். புகாரை 'நாய்மாறாட்டம்' என்று திருத்தி என் பேரில் எழுதிக்கொள்ளவும். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

இதுவரை எழுதிய பிறகு கால்நடை மருத்துவர் வந்து, ஸ்டேஷன் வாசலில் கட்டியிருந்த பரிசு நாயின் கழுத்துத் தோலுக்கடியில் உள்ள அடையாள எண் சிப்பைக் கருவியால் படித்தார். எண் அக்காவின் லேப்ரடார் சான்றிதழில் உள்ளதோடு ஒத்துப்போனது. உடனே அக்காவும் போன் செய்து, "டேய், குளியலறையில யாருடா இது? சோப்பு முழுக்க தின்னுடுச்சு" என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். முடியாதாம்.

படித்துக் காட்டக் கேட்டேன். அக்கா மேல் தப்பில்லை என்பது உண்மை. செயலாளர் பேசியதும் உண்மை. குளித்துக் காய்ந்த பிறகு எது எது என்று எனக்கே தெரியாமல், கடிக்காமல் வந்ததை இழுத்துக்கொண்டு போனதும் உண்மை.

(ஒப்பம்) வாலு