கையெழுத்திட மறுத்த கை

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, மேடையை அணிசெய்யும் மூத்தோரே, வேலை முடித்த களைப்போடு வந்திருக்கும் தோழர்களே, பிள்ளைகளைத் தோளில் சாய்த்து நிற்கும் தாய்மார்களே! அவையில் தோற்றுவிட்டு வந்திருக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் வணக்கம்.

என் அண்ணன் பேட்டரி ஆலையில் ஈயம் உருக்குகிறவர். அந்தப் புகை மூச்சில் புகுந்தது, குருதியில் கலந்தது, கடைசியில் நரம்பைத் தின்றது. அவருக்குச் சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறார். வேறு பிரிவு கேட்டார். 'இங்கேயே நில், இல்லாவிட்டால் வெளியே போ' என்றது நிர்வாகம்.

அதற்காகத்தான் அந்த மசோதாவைக் கொண்டுவந்தேன். ஈயம் ஏறிய தொழிலாளியைப் புகையில்லாத பிரிவுக்கு மாற்ற வேண்டும். கூலியைக் குறைக்கக் கூடாது. இவ்வளவுதான்! அவை நிறைவேற்றியது. அண்ணன் தொலைபேசியில் அழுதார்.

"இனிமே என்னை யாரும் விரட்ட முடியாதுல்ல, பாப்பா?"

"முடியாதுண்ணே."

முடிந்ததே, தோழர்களே! நாமே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர் கையெழுத்திட மறுத்தார். 'தொழில் வளர்ச்சியைப் பாதிக்கும்' என்று திருப்பி அனுப்பினார்.

என்ன கேட்கிறீர்கள், ஐயா? அவருக்கு அந்த உரிமை உண்டா? உண்டு. மறுப்பதிகாரத்தை அரசியல் சாசனமே தந்திருக்கிறது. அதே சாசனம் அதற்கு எல்லையும் வகுத்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் மீண்டும் கைதூக்கினால் அவர் மறுப்பு செல்லாது.

தூக்கினார்களா? முதல் வாக்கெடுப்பில் என்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டிய தோழி, இரண்டாவதில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கட்சித் தலைவரும் அவர்தானே, அவரைப் பகைச்சுக்கிட்டா அடுத்த தடவை எனக்கு சீட்டு கிடையாது. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

புள்ளகுட்டி! ஈயம் உருக்குகிறவனுக்கு இல்லையா?

கைதட்டாதீர்கள். கைதட்டும்படியான செய்தி எதுவும் என்னிடம் இல்லை. எல்லை இருக்கிறது, காவல் இல்லை. சட்டம் இருக்கிறது, அதை எடுத்து நீட்டக் கை இல்லை. அவை இருக்கிறது, அச்சமற்ற ஆள் இல்லை! ஒருவர் மறுத்ததாலா வீழ்ந்தோம்? அவரை மறுக்க வேண்டியவர்கள் வாய்மூடிக் கிடந்ததால் வீழ்ந்தோம்!

அன்று மழையில் அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன்.  அவரே கேட்டார்:

"போச்சா?"

தலையசைத்தேன்.

"சரி, உள்ள வா. நனையுறே பாரு."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இன்னிக்காவது போகாதண்ணே" என்றேன்.

"போகாம?" என்றார். நாட்டுக்கே சட்டம் இயற்றும் நான், அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

இந்த நேரத்திலும் அவர் உலைமுன்தான் நிற்கிறார். பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி. உடல்நலத்தோடு வீடு சேருங்கள். வணக்கம்.