பட்டியலில் இல்லாத சொல்

நாற்பத்தொரு மணி நேரம் அதிகமில்லை, சார்ஜென்ட். எங்கள் பட்டியலில் ஒரு புதிய சொல் சேர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். தாமதம் என்ற சொல்லை நீங்கள் இரண்டு முறை பயன்படுத்தியதால் இதை முதலில் சொல்கிறேன்.

ஷயர் ஊராட்சி அலுவலகத்தில் சாலைத் தகவல் பிரிவு என்னுடையது. சாலையைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டுநர்கள் மழைக்காலத்தில் டேப்லெட்டில் செய்தி அனுப்புவார்கள்: எந்தச் சாலை, திறப்பா மூடலா, என்ன காரணம். செய்தி என் சரிபார்ப்பு விதிகளைத் தாண்டினால் வரைபடம் தானாக மாறும். தாண்டாவிட்டால் பழைய நிலையே நிற்கும். இந்தப் பக்கம் எல்லோரும் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் வண்டி எடுக்கிறார்கள்.

காரணத்துக்கு ஒன்பது சொற்கள் வைத்திருந்தேன். வெள்ளம், சேறு, தீ, விபத்து, மாடு, இப்படி. பத்தாவது 'மற்றவை', அதன் பின்னால் அவரவர் சொல்வது. எந்தப் பட்டியலிலும் அடங்காத ஒன்று என்றைக்காவது வந்து நிற்கும் என்று படித்திருந்தேன். அதனால் ஒரு வழி விட்டேன்.

அந்த வழியாக வந்தவற்றில் பாதி லாச்சி டூலனுடையவை. இருபத்தாறு வருடமாக கிரேடர் ஓட்டுகிறவர். 'மற்றவை: ஈமு ஒண்ணு நடுரோட்டுல நின்னு முறைக்குது. நகர மாட்டேங்குது. ஷயர்ல வேலை பாக்குது போல.' மேலாளர் கிரேம் இவற்றைச் சத்தமாக வாசிப்பார். ஒரு நாள் வாசித்தார்: 'மற்றவை: ஆபீஸ் பொண்ணு ஒரு தடவையாவது இங்க வந்து பூட்ஸை அழுக்காக்கிப் பாக்கட்டும்.' எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் 'மற்றவை'யை எடுத்துவிட்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

பட்டியலை இறுக்கமாகப் பூட்டவும் இல்லை. அது மோசமான வடிவமைப்பு. சொற்களை விதிகளிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைத்தேன். ஒரு சொல் சேர்க்க நாற்பது நொடி. வேறெதையும் தொட வேண்டாம். ஒரு படிவம் மட்டும் வேண்டும்: சொல், பொருள், அதைச் சேர்க்கக் கேட்பவர் கையெழுத்து. பட்டியல் வளரும். ஒரே கை வழியாக வளரும்.

கூட்டத்தில் இதை விளக்கினேன். கூட்டத்தில் பேசுவது எனக்குக் கடினம்.

"கிரேடர்ல உக்காந்துட்டு படிவம் நிரப்பணுமாம்மா?" என்றார் லாச்சி.

"பட்டியல்ல இல்லாததுக்கு மட்டும்."

"அப்ப கிட்டத்துல இருக்கிற வார்த்தையப் போட்டுட்டுப் போறேன்."

"வேண்டாம். தப்பான வார்த்தை போடுறதுக்குப் பதிலா அனுப்பாமலே இருக்கலாம்."

"சரி தாயே. உள்ளதை உள்ளபடியே போடறேன். போதுமா?"

அவர் சொன்னபடியே செய்தார்.

செவ்வாய் மதியம் இரண்டு பத்துக்குக் குரோங்கா ஓடைப் பாலத்திலிருந்து அனுப்பினார். 'மூடல். காரணம்: அடியரிப்பு. கீழ மண்ணெல்லாம் போயிடுச்சு, மேல தார் மட்டும் நிக்குது. பாத்தா தெரியாது. யாரையும் விடாதீங்க.'

அடியரிப்பு பட்டியலில் இல்லை. செய்தி நின்றுவிட்டது. நிராகரிப்புத் தகவல் என் திரைக்கு மட்டும் வரும். டேப்லெட் கத்துகிறது என்று ஓட்டுநர்கள் குறை சொன்னதால் அவர்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். செய்தி போய்விட்டது என்று நம்பி, ஓடையின் மேற்குப் பக்கம் ஒரு காலி டிரம்மைக் குறுக்கே வைத்துவிட்டு லாச்சி முகாமுக்குப் போய்விட்டார். ஊரிலிருந்து வரும் கிழக்குப் பக்கம் எதுவும் இல்லை. வரைபடத்தில் சாலை பச்சையாகவே இருந்தது.

நிராகரித்தவற்றை வெள்ளிக்கிழமைகளில்தான் பார்ப்பேன் என்று விசாரணையின் முதல் நாள் உங்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டீர்கள்.

நொரீன் பாஸ்கோ வியாழக்கிழமைகளில் தபால் வண்டி எடுப்பார். பதினொரு பண்ணைகளுக்குத் தபால், ரொட்டி, மருந்து. கிளம்பும் முன் எனக்குப் போன் செய்வார். பூசணி ஸ்கோன் பன் சுட்டு, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுத் தருவார். என் பூட்ஸைப் பற்றி அவர் பேசியதில்லை.

அன்று ஆறு நாற்பதுக்குப் போன் வந்தது.

"கண்ணு, குரோங்கா எப்படி இருக்கு? மழை கொட்டித் தீத்துடுச்சே."

"திறந்திருக்குன்னு காட்டுது."

"நீ சொன்னா சரி. லாச்சிப்பய சொன்னா நம்ப மாட்டேன், அவன் ஈமு கதை சொல்லுவான். டப்பாவைக் கழுவி வை, வர்ற வாரம் நிரப்பித் தரேன்."

ஏழு பத்துக்கு வண்டி பாலத்தில் ஏறியது. அவர் உடலை ஓடையிலிருந்து வெளியே எடுக்க மாலையாகிவிட்டது. அவருக்கு அறுபத்து மூன்று வயது.

நான்கு மணிக்கு அடியரிப்பைப் பட்டியலில் சேர்த்தேன். நாற்பது நொடி. வேறெதுவும் உடையவில்லை. வடிவமைப்பில் குறையில்லை என்பதையும் தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.

என் மேசையிலிருந்து எடுத்த தாள்களில் ஒரு படிவம் இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. சொல்: அடியரிப்பு. பொருள்: மேற்பரப்பு நிற்க, கீழே மண் அரிக்கப்பட்ட நிலை. எழுதியது நான்தான். கேட்பவர் ஒப்பமிடும் இடம் மட்டும் காலி. தேதியைப் பாருங்கள், புதன்கிழமை. வெள்ளிக்கிழமை லாச்சி ஊருக்கு வருவார். வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, கேட்டு, கையெழுத்துப் போட்டால் போதும் என்றிருந்தேன்.

நொரீன் பேசும்போது அந்தத் தாள் என் கைக்கடியில் இருந்தது. லாச்சியின் செய்தியை நான் செவ்வாய்க்கிழமையே படித்துவிட்டேன், அது வந்த பதினொரு நிமிடத்தில்.