ஆத்தாயி அத்தையின் வாய்

— அந்தப் பேச்சு யாரோடதுங்க? அதை மட்டும் சொல்லுங்க. வேறொண்ணும் நான் கேக்கலீங்க.

— எந்தப் பேச்சு, பொன்னாத்தா? பேசும் படம்னு போட்டுட்டாலே மூணு மணி நேரமும் பேச்சுத்தான்.

— இப்பப் பாத்துட்டு வந்த படத்துல அந்த அத்தைக்காரி சொன்னாளே. 'நீ வெச்ச கத்திரிச் செடியில காய்க்கறதெல்லாம் உன்ற மூஞ்சியாட்டமே கோணிக் கெடக்குது'ன்னு. நம்ம பெரியவன் தவழ்ந்துட்டிருந்தப்ப, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில நின்னு நான் உங்களைப் பாத்துச் சொன்னதுங்க அது.

— கத்திரிக்கா வெக்கற ஊட்டுல எல்லாம் சொல்றதுதான் புள்ள.

— 'நீ கொட்டாவி உட்டா ஊர்க்காக்கா எல்லாம் பொழுது சாஞ்சுதுன்னு கூட்டுக்குப் போகுது'ங்கறதும் ஊரே சொல்றதுங்களா? ஏனப்பா மாரியப்பா, நீ ஜட்கா ஓட்டி நாலு ஊரு பாக்கறவன். நீ சொல்லு.

— என்னை உட்டுருங்க அம்மிணி. குதிரை வேற இன்னிக்கு ஒரு தினுசா நடக்குது. ஆனாலும் படத்துல அது எடுபடலீங்க. நம்ம அண்ணாரு அத்தை வேசம் கட்டி அதைச் சொல்றப்ப, எடப்பாடிச் சந்தைப்பேட்டையில நான் சிரிச்ச சிரிப்புல வாயில இருந்த வெத்தலை முன்னால உக்காந்திருந்தவரு தலைமேல போயிருச்சுங்க. அட சாமி!

— யாரு அத்தை வேசம் கட்டுனது?

— மாரியப்பா, குதிரையைப் பாத்து ஓட்டு.

— உங்களைக் கேக்கறனுங்க. மந்திரி, எமன், கள்ளன்னு ஆம்பளை வேசந்தான கட்டறதாச் சொன்னீங்க? 'கூத்தாடி ஊட்டுப் பொம்பளை கொட்டாய்ப் பக்கம் வரக்கூடாது'ன்னு இத்தனை வருசமா என்னை ஊட்டுலயே உட்டுட்டுப் போனீங்களே, அது இதுக்குத்தானா?

— அட சாமி, அம்மிணிக்குத் தெரியாதுங்களா? நான் வாயே தெறக்கலீங்க.

— அப்படீன்னா என்ற அரக்குச் சேலை? ஆடு தின்னு போட்டுதுன்னீங்களே! அந்த வாயில்லாச் சீவனைக் கட்டிப்போட்டு ஒரு பொழுதெல்லாம் பட்டினி போட்டேன். பாவி மனுசா!

— அடி பேதாய்! அந்தச் சேலைக்கு நாமக்கல்லுல கைதட்டுன கூட்டத்தை நீ பாத்திருக்கோணும்.

— மீசை? 'எங்க வம்சத்துல யாருக்கும் மீசை மொளைக்காது'ன்னீங்க. எங்க மாமனாருக்கு அருவாளாட்டம் ரெண்டு பக்கமும் நின்னுதே! கேட்டதுக்கு அவரு தாய்மாமன் சாடைன்னீங்க. நானும் நம்புனேன்.

— என்ற நடிப்பு அப்படி. மேடைக்கு வெளியிலயும் ஒரு எழுத்துப் பெசகாது.

— சிரிக்காதீங்க. மொதல்லருந்து சொல்லுங்க. ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் வெளிய வரோணும். இன்னும் அஸ்தம்பட்டியே வரலை.

— சொல்றன் கேளு. திருச்செங்கோட்டுத் தேருக்கு எங்கப்பன் என்னைத் தோள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. அங்க ஒரு நாடகக் கம்பெனி. முருகன் வேசக்காரன் மயில் மேல ஏறி வந்தான். அந்த மயிலுக்குள்ள ஒருத்தன் குனிஞ்சு நடக்கறது என்ற கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுது. மயிலுக்குள்ள போயே தீரோணும்னு கம்பெனி வண்டியில ஏறி ஒளிஞ்சுட்டேன்.

— முருகன் ஆகோணும்னு நெனைக்கலீங்களா?

— இந்த மூக்கை வெச்சுட்டா? தொண்டை நல்லா இருந்துது. அதனால ராசகுமாரி வேசம் குடுத்தாங்க. ஒரு நாள் புருசன் செத்த சோகத்துல பாடிட்டிருக்கறேன், நடுப்பாட்டுல தொண்டை ஒடைஞ்சு போச்சு. கொட்டாய்க்கு வெளிய கட்டியிருந்த கழுதை எனக்குப் பதில் சொல்லுச்சு. அன்னியோட ராசகுமாரி போயிட்டா. அப்புறம் கெழவன், மந்திரி, எமன். நாயகன் மாலையோட வருவான், மாலையோட போவான். நான் சாகறதுக்குன்னே வருவேன்.

— அண்ணாரு சாவுக்கு ஈடே இல்லீங்க அம்மிணி. சங்ககிரியில வெசம் குடிச்சு உழுந்தாரு பாருங்க, சனம் 'ஒன்ஸ் மோர்'னு கத்துச்சு. எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு மறுபடியும் குடிச்சாரு. மூணாந்தரம் நாயகனே வந்து கால்ல உழுந்து 'போதுங்கண்ணா'ன்னான்.

— சாவெல்லாஞ் செரி. நாடகம் எழுதுனது எப்ப? பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஆளு நீங்க.

— எழுத்தும் கம்பெனியிலயே பழகிக்கிட்டதுதான். நாடகம் எழுதற கம்பெனி வாத்தியார் ஒரு நாள் ஹார்மோனியத்தைத் தூக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டாரு. முதலாளி என்னைக் கூப்புட்டு, 'சின்னண்ணா, எல்லாப் பாடமும் உனக்கு மனப்பாடம், நீயே ஒண்ணு எழுது'ன்னாரு. எழுதுனேன். 'அந்தோ! அகில புவனமும் அஞ்சி நடுங்கும் என் ஆருயிர் மைந்தா! ஏன் பிறந்தாய்?' எப்படி இருக்குது?

— ஆருக்கு என்ன ஆச்சுன்னு ஒண்ணும் தெரியலீங்களே.

— சனத்துக்கும் தெரியலை. கொட்டாயில கொறட்டைச் சத்தம் மத்தளத்தையே அமுக்கிருச்சு. முதலாளி மூஞ்சியில முழிக்க முடியாம ஊட்டுக்கு வந்து உக்காந்தேன். அன்னிக்குத்தான் நீ அந்தக் கத்திரிச் செடியைப் பாத்தே. உச்சிப் பொழுதுல ஆரம்பிச்சே, வெளக்கு வெக்கற வரைக்கும் ஓயலை. எனக்கு மொதல்ல கோவம். அப்புறம் பாத்தா, என்ற கை தன்னால எழுதுது.

— நீங்க வாசப்படியில குனிஞ்சே உக்காந்திருந்தீங்க. வெக்கப்பட்டு அழுவறீங்கன்னு நெனச்சு, எரக்கப்பட்டுக் கடேசியில சோறு போட்டனுங்களே!

— அந்தச் சோத்தைத் தின்னுபோட்டு எழுதுனதுதான் 'ஆத்தாயி அத்தை'. அன்னியிலிருந்து ஊருக்கு ஊரு கொட்டாய் நெறைஞ்சுது.

— இத்தனை சனமும் சிரிச்சது என்ற வாயைப் பாத்தா?

— சரக்கு உன்னுது, பொன்னாத்தா. அதைக் கொண்டு போய்ச் சேத்த நடை என்னுது.

— அதை உடுங்க. என்ற பேச்சைத் திருடுனது கூட எனக்கு வலிக்கலீங்க. அதைக் கொண்டு போய் அந்தப் பட்டணத்துப் பொண்ணு வாயிலயா குடுப்பீங்க? 'உன் முகத்தைப் போலவே கோணலாய் இருக்கிறதடா'ன்னு, பால்சோறு ஊட்டறாப்புல சொல்றா! கோணல் அங்கயா இருக்குது? 'கோணி'ன்னு சொல்றப்ப ஒரு பக்கமா ஒதட்டை இழுக்கோணும். இழுத்துட்டுச் சித்த நிறுத்தோணும். அவன் நிமுந்து பாக்கறப்ப, 'கோ...ணிக் கெடக்குது. அதையும் பறிச்சுக் கொழம்பு வெச்சா, கொழம்பும் என்னையப் பாத்துப் பல்லிளிக்குது, த்தூ!'

— அம்மிணி, வண்டியைச் சித்த ஓரங்கட்டிக்கறனுங்க. வயிறு புடிச்சுக்கிச்சு. அட சாமி!

— கொழம்பு பல்லிளிக்குதா? அது என்ற நாடகத்துல இல்லையே! இரு இரு, இன்னொருக்கா சொல்லு.

— சொல்ல மாட்டனுங்க. இனி உங்க முன்னால உப்புப் போட்டீங்களான்னு கூடக் கேக்க மாட்டேன்.

— அப்படிச் சொல்லிப்போடாத தாயி. நாளைக்குக் காலையில நான் ஸ்டூடியோவுக்குப் போகோணும். படத்துல அத்தையைக் கண்டு சனம் தூங்கறது, என்ற நாடகத்தை வாங்கிப் படம் புடிச்ச முதலாளி காதுக்குப் போயிருச்சு. அடுத்த படத்துலயும் அதே அத்தைதான், ஆனா வேற ஆளுங்கறாரு. வேற ஆளு யாரு? எழுதுனவனும் நான், கட்டுனவனும் நான்.

— ஆம்பளை, பொம்பளையாட்டம் வந்தா டாக்கியில கண்டுபுடிச்சிருவாங்க அண்ணாரே. பக்கத்துல வெச்சுப் படம் புடிக்கறாங்களாமே!

— மூக்கு வரைக்கும் முக்காடு போட்டுக்குவேன். இன்னிக்குப் படத்துல எனக்குக் குடுத்த வேசம் என்னன்னு பாத்தே இல்ல?

— நீங்க எங்கீங்க வந்தீங்க?

— கல்யாணப் பந்தல்ல மூணாவதா உக்காந்து தலையாட்டுனது நான்தான்.

— அது நீங்களா? யாரோ சீக்காளின்னு நெனச்சேன்.

— கேட்டுக்க, மாரியப்பா. ஆறேழு வயசுல வண்டி ஏறுனவன். எமனா வந்தா கொழந்தைக அலறும். இன்னிக்கு மூணாவதாத் தலையாட்டறேன். டாக்கி வந்து கம்பெனியெல்லாம் கலைஞ்சு போச்சு. மத்தளக்காரர் சேலத்துல சோடா விக்கறாரு. எனக்கு வேறென்ன தெரியும், பொன்னாத்தா? ஏர் புடிச்சா கோணையாப் போகுது. தறியில உக்காந்தா நூல் அறுந்து போகுது. இந்த அத்தை ஒருத்தியை மட்டும் நான் பெத்து வளத்தேன். அவளையும் வேற ஆளுக்குக் குடுத்துட்டா நான் மயிலுக்குள்ளயே இருந்திருக்கலாம்.

— அழுவறீங்களா, நடிக்கறீங்களா?

— எனக்கே தெரியலை புள்ள.

— இந்தாங்க, முந்தானையில தொடச்சுக்குங்க. இதையாவது ஆடு தின்னுச்சுன்னு சொல்லிப்போடாதீங்க. நானும் ஒண்ணு சொல்லோணும். போன வெள்ளிக்கெழமை நீங்க எடப்பாடிக்குப் போயிருந்தப்ப, ஒரு காரு வந்துதுங்க.

— நம்மூட்டுக்கா?

— வாசல்ல காயப் போட்டிருந்த சோளத்து மேலயே வந்து நின்னுது. கோட்டுப் போட்ட ஆளு ஒருத்தரு எறங்குனாரு. எனக்கு எங்கிருந்துதான் வந்துதோ! 'ஏனப்பா, நாலு சக்கரம் இருக்குது, ரெண்டு கண்ணு இல்லையா? எங்கூட்டுச் சோளத்தை மாவரைக்க உன்னைய ஆரு கூப்புட்டா? அரைச்சதுதான் அரைச்சே, அள்ளிக் களி கிண்டிட்டுப் போ'ன்னு ஆரம்பிச்சு, அவரு காரு, கோட்டு, கண்ணாடி ஒண்ணையும் உடலீங்க.

— அய்யோ, கோட்டுப் போட்டவரா? அது ஸ்டூடியோ டைரக்டரு! என்ற பொழப்பு போச்சே!

— திட்டுனா ஓடுவாருன்னு பாத்தேன். மனுசன் நகரலீங்க. தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுட்டு, 'அம்மா, அந்தக் களி கிண்டற எடத்தை இன்னொருக்கா சொல்லுங்க'ன்னாரு.

— ஒன்ஸ் மோர்! அட சாமி!

— சும்மா இரு மாரியப்பா. அப்புறம் என்ன சொன்னாரு? என்னைத் தேடி வந்தாரா?

— உங்களைத் தேடித்தான் வந்தாராம். 'இனித் தேட வேண்டியதில்லை, அத்தை கெடைச்சாச்சு. எங்க படத்தை ஒருக்கா பாத்துட்டு வாங்க, எது கூடாதுன்னு தெரியும்'னாரு. அதுக்குத்தாங்க படம் பாக்கோணும்னு உங்களை நச்சரிச்சேன்.

— நீ என்ன சொன்னே?

— வாரேன்னு சொல்லீட்டனுங்க. நாளைக்குக் காலையில காரு எனக்குத்தான் வருது.

— என்னை ஒரு வார்த்தை கேக்காமயா?

— என்ற பேச்சை எடுத்தப்ப நீங்க கேட்டீங்களா?

— அப்ப நான்? நான் என்ன பண்றது, பொன்னாத்தா?

— உங்களை உட்டுட்டுப் போவனுங்களா? அத்தை தாலியறுத்தவளாம், புருசன் கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டானாம். சுவத்துல மாலை போட்டு மாட்ட ஒரு போட்டோ வேணும்னாங்க, உங்க மூஞ்சி பொருத்தமா இருக்கும்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க.