வெள்ளிக்கிழமைக்கு ஒன்று

ஃபோனை ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். காற்று இரைச்சல்தான் பதியும். இந்தக் கீபோர்டுப் பக்கம் வையுங்கள். ஆமாம், அங்கே.

என் பெயர் உலகநாதன். பாகூரில் ஏரிக்குப் போகும் சாலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் மகாலட்சுமி, கரிக்கலாம்பாக்கம் தங்கவேலின் அக்கா மகள். உங்களுக்குத் தெரிந்ததுதான். பிறகு கேட்பவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

ஆயுத பூஜை முடிந்த வாரம் உங்கள் மாமாவும் அத்தையும் சிபியூவைக் கொண்டுவந்தார்கள். மாமா மொபெட்டை ஓட்ட, அத்தை பின்னால் உட்கார்ந்து அதைத் துண்டில் சுற்றி மடியில் பிடித்திருந்தார். துண்டைப் பிரித்தேன். முகப்பில் சந்தனம், குங்குமம்.

"உள்ளயும் பொட்டு வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"வெச்சிருப்பா, மூடி தொறக்கல" என்றார் மாமா. அத்தை சிரிக்கவில்லை.

மகன் தமிழ்க்குமரன் கடலூர் ரோட்டில் லாரி மோதி இறந்தபோது அவன் ஃபோனும் நொறுங்கிவிட்டது. அதில் எடுத்த வீடியோக்களை எல்லாம் அவன் இந்தக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில்தான் போட்டு வைத்திருந்தான். வேறு பிரதி இல்லை. அத்தை அவற்றைப் பார்த்ததில்லை. பார்க்கத் தைரியம் வரட்டும் என்று காத்திருந்தார். பூஜையன்று திரை ஒளிர்ந்தால்தான் பொட்டு வைக்க நன்றாக இருக்கும் என்று கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். நீங்களும் போயிருந்தீர்கள். உங்கள் ஃபோனின் ஹாட்ஸ்பாட் ஆனில் இருந்தது. தமிழ்க்குமரன் முன்பு அதைப் பயன்படுத்தியிருக்கிறான், அதனால் கம்ப்யூட்டர் தானாக இணைந்து அப்டேட்டை இறக்கத் தொடங்கியது. சூடம் காட்டியதும் அத்தை சுவிட்சை அணைத்தார். உங்களைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த அப்டேட்டே கோளாறானது. அந்த நாட்களில் அதே கோளாறோடு வேறு பெட்டிகளும் வந்தன.

"எல்லாத்தையும் அழிச்சிடுச்சி தம்பி" என்றார் அத்தை. "முன்னாடி அவன் மூஞ்சி வரும். இப்ப வெறும் நீலமா இருக்குது."

எதுவும் அழியவில்லை. அவனுடைய கணக்கைத் திறக்க முடியாமல் கம்ப்யூட்டர் தற்காலிகமாக ஒரு காலிக் கணக்கைத் திறந்துகொண்டது. பழைய கணக்கின் ஃபோல்டர் உள்ளே அப்படியே இருந்தது. சரிசெய்ய டீ ஆறும் நேரம் போதும். ஃபோல்டரைத் திறந்து ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. அத்தை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். திரை என் பக்கம். ஹெட்ஃபோன் என் காதில்.

"இருக்குதா தம்பி?"

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இங்கே வருகிறவர்கள் வேலை முடிந்ததா என்று கேட்பார்கள். முடிந்ததும் போய்விடுவார்கள். ஸ்டூலில் உட்காரக்கூட மாட்டார்கள்.

"கஷ்டம்தான்" என்றேன். "வெச்சிட்டுப் போங்க. பாக்கறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு வீடியோவைக் காட்டினேன். தமிழ்க்குமரன் சாப்பிட்டுக்கொண்டே எடுத்தது. தட்டு மட்டும் தெரியும்.

"எம்மா, இங்க பாரேன்."

"பாத்துக்கினுதான் இருக்கறேன். சோத்த துன்னுடா மொதல்ல."

"குழம்புல உப்பு இல்ல. ரெக்கார்டு பண்றேன், சாட்சி."

"ஒங்கப்பன் ஒடம்புல இருக்குது, போய் நக்கு."

அத்தை திரையில் அந்தத் தட்டைத் தொட்டார். மாலை பஸ் வரும் வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தார். வீடியோவைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒன்று. அவருக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. வேர்க்கடலை அவித்துக் கொண்டுவருவார். வாசலில் நின்று பக்கத்து மருந்துக் கடைக்காரரிடம், "இந்தத் தம்பிதான் எம்புள்ளைய மீட்டுக் குடுக்குது" என்பார். மாமா ஒரு நாள் தனியாக வந்தார். "வெள்ளிக்கெழமன்னாதாம்பா தல வாருது. அன்னிக்குதான் சோறும் எறங்குது. சீக்கிரம் முடிச்சிடாத" என்று சொல்லிச் சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதை யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. மருந்தை யாரும் மொத்தமாக விழுங்கச் சொல்வதில்லை.

வரிசையும் யோசித்தே வைத்தேன். அந்தத் தட்டுக்கு அடுத்து டிராக்டர், வரப்பில் நடக்கும் செருப்புக் கால், பிளாட் போட்ட பக்கத்து நிலத்தில் மனைக்கல் மனைக்கல்லாகத் தாண்டுவது. முகம் தெரிபவை பிறகு. அம்மாவோடு பேசும் மற்றவை கடைசியில். மேலோட்டமாகப் பார்த்தவன் இல்லை நான். எல்லாவற்றையும் பலமுறை பார்த்து, எது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டுதான் அடுக்கினேன்.

பிறகு நீங்கள் ஃபோன் செய்தீர்கள்.

"அண்ணா, இது டெம்ப்ரவரி ப்ரொஃபைல் பிரச்சினைதான? யூசர்ஸ் ஃபோல்டர்ல பாத்தீங்களா?"

"பாத்துட்டேம்மா. காலியா இருக்குது."

"அப்ப வாரா வாரம் ஒண்ணு மட்டும் எப்படிண்ணா வருது?"

"அழிஞ்சதுலேர்ந்து எடுக்கறேம்மா. ஒவ்வொண்ணாத்தான் வரும்."

"நாளைக்கு நானே வந்து பாக்கறேன்."

எனக்குப் பொய் பிடிக்காது. அதுவரை நான் சொன்னதெல்லாம் 'கஷ்டம்', 'பார்க்கிறேன்' என்பவைதான். அவை பொய் இல்லை. காலி என்றது பொய். உங்கள் கேள்வியால் வந்த பொய். அதை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை. மறுநாள் காலை கடையைத் திறந்ததும் ஃபோல்டரைக் காலி செய்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். அழிந்ததிலிருந்து எடுக்கிறேன் என்றும் சொல்லியிருந்தேன். இனி அப்படியே எடுக்கலாம். அதற்கு மென்பொருள் இருக்கிறது.

நீங்கள் வந்தீர்கள், பார்த்தீர்கள். "சாரிண்ணா, சந்தேகப்பட்டுட்டேன்" என்றீர்கள். பரவாயில்லை என்றேன். எனக்குக் கோபம் இல்லை.

நீங்கள் போனதும் மென்பொருளை ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. தமிழ்க்குமரன் வாங்கியது புது வகை டிஸ்க். பழைய டிஸ்க்கில் அழித்தாலும் சுவடு இருக்கும். இதில் அழித்தால் அழித்ததுதான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று காலையும் தெரிந்திருந்தது.

அத்தையிடம் இனி வராது என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னா பண்ணுவ தம்பி. எவ்ளோ பாடுபட்ட" என்றார். அன்றும் வேர்க்கடலையை வைத்துவிட்டுத்தான் போனார்.

நீங்கள் பெட்டியைப் புதுச்சேரியில் டேட்டா மீட்கும் இடத்துக்கு எடுத்துப் போனதில் தவறில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். நீங்கள் பார்க்க வந்த அன்று காலையில்தான் அழிக்கப்பட்டது என்று அங்கே சொன்னது சரி. நான்தான் அழித்தேன். பதிவாகிறதா? பதிந்ததை ஃபோனில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.

அத்தை மறுபடியும் சாப்பிடுவதில்லை, தலை வாருவதில்லை என்கிறீர்கள். அதைப் பற்றித்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் காட்டாத வீடியோக்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றில் அத்தை களத்துமேட்டில் சாய்ந்து தூங்குகிறார். அவன் ஃபோனைத் தன் பக்கம் திருப்பி மெதுவாகப் பேசுகிறான். "எங்கம்மா. எழுந்தா என்னைத்தான் திட்டும். அதுவரைக்கும் அழகாதான் இருக்குது." பிறகு தன் துண்டை எடுத்து அவர் முகத்தில் வெயில் படாமல் பிடிக்கிறான். பிடித்த கை ஆடுகிறது. வெகுநேரம் அப்படியே ஓடும். பொங்கலுக்கென்று வைத்திருந்தேன்.

இதை நீங்கள் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு அவன் குரல் வராது. வெள்ளிக்கிழமை அவரை வரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக நான் சொல்கிறேன்.